119 இலக்க எண் நொடியில் உடைகிறது, 97 இலக்கம் ஒரு மணி நேரம் இழுக்கிறது. எங்கே தப்பு?

கோத்தகிரி கணக்கு டீச்சர்:

வணக்கம். ஐப்பசிக் கடைசியில் எங்கள் பள்ளியில் கணித மன்றக் கண்காட்சி. பெருக்குவது சுலபம், பெருக்கியதைப் பிரிப்பது பெரும்பாடு என்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கும்படி ஒரு மேசை போட எண்ணம். லேபில் பத்து கணினி: ஐ3, இரண்டு கோர், 4 ஜிபி ராம், விண்டோஸ். என் லேப்டாப் நான்கு கோர், 16 ஜிபி, உபுண்டு. பேட்டரி செத்துவிட்டது, வயர் செருகினால்தான் உயிர்.

முதலில் பைத்தானில் 3, 5, 7 என்று ஒற்றைப்படை எண்களால் வகுத்துக்கொண்டே போகும் சின்ன நிரல் எழுதினேன். 18 இலக்கத்துக்கு அரை நிமிடம். 24 இலக்கத்தைக் கொடுத்துவிட்டுப் படுத்தால் காலையில்தான் விடை. அடுத்து யாஃபூ என்ற, காரணி பிரிக்கும் மென்பொருள். 10⁵⁹ஐத் தாண்டியதும் வரும் முதல் இரண்டு பகா எண்களைப் பெருக்கி, அந்த 119 இலக்கத்தைக் கொடுத்தேன். என்டர் தட்டிய விரலை எடுப்பதற்குள் இரண்டு காரணியும் திரையில்! பிறகு குருட்டாம்போக்கில் எடுத்த 48 இலக்கம், 49 இலக்கம் என இரண்டு பகா எண்களைப் பெருக்கி 97 இலக்கம் கொடுத்தால் 55 நிமிடம். சின்ன எண்ணுக்கு இத்தனை நேரமா? பிள்ளைகள் முன்னால் இதை எப்படி விளக்குவது?

மூன்றாவதாக, அதே வேலைக்கான காடோ-என்எஃப்எஸ் என்ற இன்னொரு மென்பொருளில் 115 இலக்கம். ஒன்பது மணி நேரம் ஓடியபின் மழையில் கரண்ட் போனது. திரும்ப வந்து பார்த்தால் அது வேலை செய்துகொண்டிருந்த கோப்புறையையே காணோம். மறுபடி முதலிலிருந்தா?

இன்னொன்று. இணையத்தில் செய்திகளைப் பூட்டும் ஆர்எஸ்ஏ முறையின் சாவி இரண்டு பெரிய பகா எண்களின் பெருக்கல் என்று வகுப்பில் சொல்லியிருந்தேன். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: “ஆர்எஸ்ஏ சாவிக்கு 300 இலக்கத்துக்கு மேல பகா எண் ரெண்டு வேணும்கிறீங்க. அது பகா எண்தான்னு தெரியணும்னா, காரணி ஒண்ணும் இல்லன்னு தேடிப் பாத்திருக்கணுமே மிஸ்? தேடவே முடியாதுன்னும் நீங்கதானே சொன்னீங்க?” எனக்கு விடை அரைகுறையாகத் தெரியும். அவளுக்குப் புரியும்படி சொல்ல யாராவது உதவுங்கள்.

குன்னூர் இறக்கம்:

டீச்சர், யாஃபூ சரியாகத்தான் செய்திருக்கிறது. உங்கள் 119 இலக்கம் பார்க்கப் பயில்வான், உள்ளே வாழைத்தண்டு.

எத்தனை இலக்கம் என்பது பாதிக் கதைதான். காரணிகள் எங்கே உட்கார்ந்திருக்கின்றன என்பது மறுபாதி. நீங்கள் பக்கத்துப் பக்கத்து வீட்டுப் பகா எண்கள் இரண்டைப் பெருக்கியிருக்கிறீர்கள். அப்படியென்றால் இரண்டுமே வர்க்கமூலத்தை ஒட்டித்தான் இருக்கும். இதற்கு ஃபெர்மா 17ஆம் நூற்றாண்டிலேயே வழி சொல்லிவிட்டார்: வர்க்கமூலத்துக்கு அடுத்த முழு எண்ணில் தொடங்குங்கள், அதை வர்க்கமாக்கி நம் எண்ணைக் கழியுங்கள், மிச்சம் முழு வர்க்கமா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒன்று கூட்டிக்கொண்டு மறுபடி.

கரும்பலகையில் காட்ட நல்ல எடுத்துக்காட்டு 8616460799. பொருளியல் அறிஞர் ஜெவன்ஸ் 1874ல் இந்த எண்ணைக் கொடுத்து, எந்த இரண்டு எண்களைப் பெருக்கினால் இது வரும் என்பது தன்னைத் தவிர யாருக்கும் தெரியப்போவதில்லை என்ற பொருள்பட எழுதினார். வர்க்கமூலம் 92824க்கும் 92825க்கும் நடுவே. 92825ல் தொடங்கி 56ஆவது முயற்சியில் 92880க்கு வருகிறீர்கள். 92880² = 8626694400. கழித்தால் 10233601. அது 3199²! ஆக காரணிகள் 92880 − 3199 = 89681, 92880 + 3199 = 96079. கால்குலேட்டர் இருந்தால் ஒரு பீரியடில் முடிந்துவிடும். ஜெவன்ஸ் பாவம், தன் இரண்டு எண்களையும் அத்தனை நெருக்கமாக வைத்துவிட்டார்.

எத்தனை முயற்சி ஆகும் என்பதற்கும் கணக்கு உண்டு: இரண்டு காரணிகளின் வித்தியாசத்தை வர்க்கமாக்கி, எண்ணின் வர்க்கமூலத்தைப்போல் எட்டு மடங்கால் வகுங்கள். ஜெவன்ஸ் எண்ணுக்கு 6398² ÷ (8 × 92825) ≈ 55. உங்கள் 119 இலக்கத்துக்கு வித்தியாசம் சில நூறுதான் இருக்கும், கீழே வகுப்பதோ 60 இலக்க எண். விடை ஒன்றுக்கும் கீழ், அதாவது முதல் முயற்சியிலேயே விழும். யாஃபூ பெரிய ஆயுதங்களை எடுப்பதற்கு முன் ஃபெர்மாவையும் கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்க்கும். அதில்தான் மாட்டியது. 97 இலக்கத்தில் வித்தியாசமே ஏறக்குறைய 10⁴⁸. அங்கே ஃபெர்மா செல்லாது, இருபடிச் சல்லடைக்குத்தான் போக வேண்டும். சாவி தயாரிப்புக்கான அமெரிக்கத் தரநிலையில் இரண்டு பகா எண்களுக்கும் குறைந்தபட்ச இடைவெளி விதித்திருப்பது இதனால்தான்.

உங்கள் பைத்தான் நிரலுக்கும் இதே பார்வை பொருந்தும். வகுத்துப் பார்க்கும் முறையில் இரண்டு இலக்கம் கூடினால் வேலை பத்து மடங்கு. 18க்கு அரை நிமிடம் என்றால் 24க்கு ஆயிரம் மடங்கு, எட்டு மணி நேரத்துக்கு மேல். 30 இலக்கம் கொடுத்தால் அடுத்த வருஷக் கண்காட்சிக்குத்தான் விடை வரும்.

இருபடிச் சல்லடை என்றால் என்ன என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஃபெர்மா முறையின் மகன்தான் அது. மிச்சம் தனியாக முழு வர்க்கமாக வரும்வரை காத்திருக்காமல், வர்க்கமாகாத மிச்சங்களைச் சேர்த்துப் பெருக்கி வர்க்கமாக்குகிறோம். 2929ஐ எடுங்கள்:

55² − 2929 = 96 = 2⁵ × 3
56² − 2929 = 207 = 3² × 23
59² − 2929 = 552 = 2³ × 3 × 23

மூன்றில் ஒன்றும் வர்க்கமில்லை. மூன்றையும் பெருக்கினால் 2⁸ × 3⁴ × 23², எல்லா அடுக்கும் இரட்டைப்படை, அதாவது 3312². இடது பக்கம் 55 × 56 × 59 = 181720. இரண்டையும் 2929ஆல் வகுத்து மீதி எடுத்தால் 122, 383. வித்தியாசம் 261. 261க்கும் 2929க்கும் மீ.பொ.வ எடுங்கள்: 29. முடிந்தது, 2929 = 29 × 101. (58ஐ வேண்டுமென்றே விட்டேன். 58² − 2929 = 435, அதில் 29 நேராகவே எட்டிப் பார்க்கும். சின்ன எண்களில் இப்படித் திருட்டுத்தனம் நடக்கும், பெரிய எண்ணில் நடக்காது.)

97 இலக்கத்திலும் கணினி இதே வேலையைத்தான் செய்தது. மூன்று வரிக்குப் பதிலாகப் பல்லாயிரம் வரி, சிறு பகா எண்களும் பல்லாயிரம். எந்த வரிகளைச் சேர்த்தால் எல்லா அடுக்கும் இரட்டைப்படை ஆகும் என்று கண்டுபிடிப்பது 0, 1 மட்டும் உள்ள மாபெரும் அணி ஒன்றைத் தீர்ப்பது. 55 நிமிடத்தில் பெரும்பகுதி வரி தேடுவதிலும், கடைசிச் சில நொடிகள் அணியிலும் போயிருக்கும்.

பண்ணைக்காடு லினக்ஸ்:

கோப்புறை காணாமல் போன விஷயத்துக்கு வருகிறேன். எங்கே வேலை செய்ய வேண்டும் என்று நீங்கள் சொல்லாவிட்டால், காடோ தன் கோப்புறையை லினக்ஸின் டெம்ப் அடைவில்தான் உருவாக்கும். மறுபடி பூட் ஆகும்போது டெம்ப்பைத் துடைத்துவிடுவது உபுண்டுவின் வழக்கம். மென்பொருள் அழிக்கவில்லை, கரண்ட்டும் அழிக்கவில்லை, துடைப்பம் போட்டது ஆபரேட்டிங் சிஸ்டம். அந்த ஒன்பது மணி நேரம் போனது போனதுதான்.

அடுத்த முறை தொடங்கும்போதே வொர்க்டிர் என்ற தெரிவில் உங்கள் ஹோம் அடைவுக்குள் ஒரு கோப்புறையைக் கொடுங்கள். உள்ளே ‘பாராமீட்டர்ஸ் ஸ்னாப்ஷாட்’ என்ற பெயரோடு கோப்பு ஒன்று உருவாகியிருக்கும், கடைசியில் 0, 1 என்று எண் போட்டிருக்கும். நின்றுபோனால் எண்ணுக்குப் பதிலாக அந்தக் கோப்பைக் கொடுத்துக் காடோவை மறுபடி ஓட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். இழப்பு அந்த நேரத்தில் கையிலிருந்த வேலைத்துண்டுகள் மட்டும், சில நிமிட உழைப்பு. யாஃபூ இன்னும் எளிது: கண்ட வரிகளையெல்லாம் தன் கோப்புறையில் ஒரு சேமிப்புக் கோப்பில் எழுதிக்கொண்டே போகும், அதே எண்ணை மறுபடி கொடுத்தால் அதைப் படித்துக்கொண்டு தொடரும். விண்டோஸில் ஜிப்புக்குள்ளிருந்தே இரட்டைச் சொடுக்குப் போட்டு ஓட்டாதீர்கள். பிரித்து, எழுத அனுமதி உள்ள கோப்புறையில் வைத்து ஓட்டுங்கள்.

கூடலூருக்கு ஆடி மழை என்றால் கோத்தகிரிக்கு ஐப்பசி மழை. கண்காட்சியை அந்த மாதத்திலேயே வைத்திருக்கிறீர்கள், கரண்ட் போகும் என்று வைத்துக்கொண்டே திட்டம் போடுங்கள்.

யாஃபூவா காடோவா? ஏறக்குறைய 95–100 இலக்கத்தை எட்டும்வரை யாஃபூவின் இருபடிச் சல்லடை, அதற்கு மேல் காடோவின் எண்புலச் சல்லடை (பெரிய எண்களுக்கு வேகமான முறை). முன்னதில் ஏறக்குறைய 3 இலக்கத்துக்கு ஒருமுறை நேரம் இரட்டிக்கும். பின்னதில் 5 இலக்கத்துக்கு ஒருமுறை. உங்கள் லேப்டாப்பில் 97க்கு 55 நிமிடம் என்றால் 90க்கு பத்துப் பதினோரு நிமிடம், 80க்கு ஒரு நிமிடம், 70க்கு ஐந்தாறு நொடி என்று கணக்கு வரும். காடோவில் 115ஐ முடிக்க இன்னும் ஓரிரு மணி நேரமே இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. அதைச் சொல்லி வயிற்றெரிச்சலைக் கிளப்ப விரும்பவில்லை, ஆனாலும் சொல்லிவிட்டேன்.

பத்து கணினியையும் சேர்க்க ஆசை இருந்தால், யாஃபூவின் சல்லடை ஒரே கணினிக்குள் அடங்கும் வேலை, காடோவால்தான் முடியும். உங்கள் லேப்டாப் சர்வர், லேப் கணினிகள் கிளையன்ட். விண்டோஸை அழிக்க வேண்டாம், பென்டிரைவிலிருந்து லைவ் லினக்ஸ் போதும். இடறும் இடங்கள் இரண்டு. சர்வரின் அனுமதிப் பட்டியலில் லேபின் ஐபி முகவரிகளைச் சேர்க்காவிட்டால் கிளையன்ட்டை உள்ளேயே விடாது, பிழைச்செய்தியும் புரியும்படி இருக்காது. இரண்டாவது, லேப்டாப்பில் தொகுத்த நிரலை அப்படியே பழைய ஐ3க்கு நகலெடுத்தால் சில கணினிகளில் ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்று சாகும். புதிய சிப்பின் கட்டளைகள் பழைய சிப்பில் இல்லை, அதுதான் காரணம். பழைய கணினியிலேயே தொகுத்து எல்லாவற்றுக்கும் அதையே கொடுங்கள். 4 ஜிபி ராம் இந்த அளவு எண்ணின் சல்லடைக்குப் போதும்.

வரி தேடுவதைப் பத்துப் பேருக்குப் பிரித்துக் கொடுக்கலாம், ஒருவர் வேலை இன்னொருவரைத் தொடாது. தேயிலை பறிப்பது மாதிரி: ஆளுக்கொரு வரிசை, சாயங்காலம் எல்லாம் ஒரே தராசில். அணியைத் தீர்ப்பது அப்படியில்லை, அது ஃபேக்டரிக்குள் நடக்கும் வேலை, ஒரே இடத்தில் நிறைய ராமோடு நடக்க வேண்டும். 1977ல் சவாலாக அறிவித்த 129 இலக்க எண்ணை 1994ல் உடைத்தபோதும் இதுதான் நடந்தது. ஏறக்குறைய 600 தன்னார்வலர்கள் எட்டு மாதம் தேடி மின்னஞ்சலில் வரிகளை அனுப்பினார்கள். அணியை மட்டும் ஒரே சூப்பர் கம்ப்யூட்டர் 45 மணி நேரத்தில் தீர்த்தது.

ஒரு வேடிக்கை: வரி தேடும்போது ராமில் ஒரு பிட் தவறினால் ஒன்றும் ஆகாது. அந்த வரி பொய் என்று பின்னால் சரிபார்க்கும்போது தெரிந்து தூக்கி எறியப்படும். அணிக் கட்டத்தில் ஒரே பிட் தவறினாலும் மொத்தக் கணக்கும் குப்பை. பழைய ராம் உள்ள கணினியை அணிக்கு வைக்காதீர்கள்.

மலையில் குளிர் இருக்கிறதே, கணினி சூடாகாது என்று பலர் நினைக்கிறார்கள். கோத்தகிரி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. அதே வேகத்தில் சுற்றும் ஃபேன் அந்த அளவுக்குக் குறைந்த காற்றைத்தான் தள்ளும். வெளிக்குளிர் அதை ஈடுகட்டிவிடும், உண்மைதான். ஆனால் ஃபேனில் பஞ்சு அடைத்திருந்தால் ஈடுகட்டாது. ஓட்டுவதற்கு முன் ஒருமுறை தூசு தட்டுங்கள். பனிமூட்டம் உள்ளே வரும் ஜன்னலோரம் வைக்கவும் வேண்டாம்.

கூடலூர் ஈரம்:

எல்லோரும் ஈசிஎம்மை மறந்துவிட்டீர்கள். நீள்வட்ட வளைவரை முறை, லென்ஸ்ட்ரா 1987ல் வெளியிட்டது. சல்லடைக்கு மொத்த எண்ணின் நீளம்தான் செலவு. ஈசிஎம்முக்குச் சிறிய காரணியின் நீளம்தான் முக்கியம். 200 இலக்க எண்ணில் ஒரு காரணி 30 இலக்கம் என்றால் சல்லடையால் உங்கள் லேபில் ஆயுசுக்கும் முடியாது, ஈசிஎம் சில நிமிடங்களில் பிடித்துவிடும்.

எப்படி என்றால்: ஒவ்வொரு வளைவரைக்கும் ஒரு ‘உறுப்பு எண்ணிக்கை’ உண்டு, அது மறைந்திருக்கும் காரணியை ஒட்டிய எண். வளைவரையை மாற்றினால் இந்த எண்ணிக்கையும் கொஞ்சம் மாறும். அது முழுக்கச் சின்னச் சின்னப் பகா எண்களாக உடையும்படி ஒரு வளைவரை அமைந்தால் காரணி வெளியே வந்துவிடும். லாட்டரி மாதிரி, சீட்டு எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம். ஜிஎம்பி-ஈசிஎம் என்ற மென்பொருளின் அட்டவணைப்படி 30 இலக்கக் காரணிக்கு முதல் வரம்பு (எதுவரை ‘சின்ன’ப் பகா எண் என்பது) 2,50,000 வைத்து 430 வளைவரை. 35க்கு 10 லட்சம் வைத்து 904. 40க்கு 30 லட்சம் வைத்து 2350. 50க்கு 4.3 கோடி வைத்து 7553. மேட்டுப்பாளையம்–ஊட்டி ரயில் பாதையில் 208 வளைவு என்று நாம் பெருமை பேசுகிறோம்!

அந்த எண்ணிக்கையை முடித்தும் காரணி வராமல் போக ஏறக்குறைய 37 சதவீத வாய்ப்பு உண்டு என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். வரவில்லை என்றால் இல்லை என்று பொருளில்லை. அப்புறம், 1024 பிட் (0, 1ஆக எழுதினால் 1024 இலக்கம்) எண்ணை 2007லேயே உடைத்துவிட்டார்கள், எனவே பெரிய எண் என்றாலே பாதுகாப்பு என்பது கட்டுக்கதை.

குன்னூர் இறக்கம்:

கூடலூர் நண்பரே, ஈசிஎம் பற்றிச் சொன்னது அத்தனையும் சரி. கடைசி வரியில் மட்டும் திருத்தம். 2007ல் உடைந்தது 2¹⁰³⁹ − 1. நீளம் 313 இலக்கம். அதில் 5080711 என்ற காரணி முன்பே தெரியும், மிச்சத்தை 80 இலக்கமும் 227 இலக்கமுமாகப் பிரித்தார்கள். ‘இரண்டின் அடுக்கில் ஒன்று குறைவு’ என்ற அந்த உருவத்தால் எண்புலச் சல்லடையின் சிறப்பு வகையைப் பயன்படுத்த முடிந்தது. அதில் சல்லடைக்கு வரும் எண்கள் மிகச் சிறியவை. சாவிக்காகக் குருட்டாம்போக்கில் எடுத்த 1024 பிட் எண்ணுக்கு அந்தக் குறுக்குவழி கிடையாது. அப்படிப்பட்ட பொது எண்களில் வெளிப்படையாக அறிவித்த சாதனைகள்: 512 பிட் 1999ல், 768 பிட் 2009 டிசம்பரில், 795 பிட் 2019ல், 829 பிட் 2020 பிப்ரவரியில். கடைசியாகச் சொன்னது ஆர்எஸ்ஏ-250, 250 இலக்கம். டீச்சரிடம் இருக்கும் அதே காடோ மென்பொருள்தான், ஏறக்குறைய 2700 கோர்-ஆண்டு, அதாவது ஒரே கோர் என்றால் 2700 ஆண்டு.

512 பிட்டின் கதியைச் சொன்னால் பிள்ளைகள் அசந்துவிடுவார்கள். 2015ல் வாடகை மேகக் கணினிகளில் நாலு மணி நேரத்தில், 75 டாலர் செலவில் உடைத்துக் காட்டினார்கள்.

இப்போது புழங்கும் 2048 பிட் எண் 617 இலக்கம். ஆர்எஸ்ஏ-250ஐவிட எவ்வளவு கடினம் என்று எண்புலச் சல்லடையின் சூத்திரத்தில் கரடுமுரடாகப் போட்டால் இருபதாயிரம் கோடி மடங்குக்கு மேல் வருகிறது. ஐந்து இலக்கத்துக்கு ஒருமுறை இரட்டிப்பு என்ற விதியை அங்கே நீட்டிப் போடாதீர்கள், மேலே போகப் போக இரட்டிப்பு மெதுவாகும். அந்த விதி பொய்யான பெரிய எண்ணைக் கொடுக்கும்.

கொடை கணிதம்:

அந்த ஒன்பதாம் வகுப்புப் பாப்பாவின் கேள்விதான் இந்த இழையிலேயே சிறந்தது. விடை: ஒரு எண் பகா எண் இல்லை என்று நிரூபிக்க அதன் காரணி தெரிய வேண்டியதில்லை.

91ஐக் கொடுங்கள். பிள்ளைகள் பெரும்பாலும் பகா எண் என்றே சொல்வார்கள். ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி 91 பகா எண்ணாக இருந்தால் 2⁹⁰ஐ 91ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். 2¹² = 4096 = 91 × 45 + 1, ஆக 2¹²க்கு மீதி 1. 90 = 12 × 7 + 6. எனவே 2⁹⁰க்கு மீதி 2⁶ = 64. ஒன்று வரவில்லை, ஆகவே 91 பகு எண். 7 என்றோ 13 என்றோ நாம் உச்சரிக்கவே இல்லை பாருங்கள்.

உடனே 3ஐ வைத்தும் செய்யச் சொல்லுங்கள். 3⁶ = 729 = 91 × 8 + 1. 90 ஆறால் வகுபடும், எனவே 3⁹⁰க்கு மீதி 1. அதாவது 3 என்ற சாட்சி பொய் சொல்லிவிட்டது. அதனால்தான் ஒரே சாட்சியை நம்பாமல், இன்னும் கடுமையான மில்லர்–ராபின் சோதனையில் பல அடிமானங்களை (2, 3 போன்ற சாட்சி எண்களை) கூப்பிடுகிறார்கள். அதில் ஒரு பகு எண் ஒரு சுற்றில் தப்பிக்கும் வாய்ப்பு நாலில் ஒன்றுக்கு மேல் போகாது. 40 சுற்று என்றால் தப்பிக்க வழியே இல்லை எனலாம். தற்செயலுக்கே இடமில்லாத, நியாயமான நேரத்தில் முடியும் சோதனையும் உண்டு: 2002ல் ஐஐடி கான்பூரில் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் தந்தது. பின்னிருவரும் அப்போதுதான் பி.டெக் முடித்திருந்தார்கள். இதைப் பாப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

சாவி தயாராகும் விதம் இதுதான்: 1024 பிட்டில் ஒற்றைப்படை எண் ஒன்றைக் குருட்டாம்போக்கில் எடு, சோதி, தேறாவிட்டால் அடுத்தது. சராசரியாக 355ல் ஒன்று பகா எண். 3, 5, 7 போன்றவற்றால் வகுபடுபவை முதலிலேயே கழிந்துவிடும், மிச்சத்துக்குத்தான் முழுச் சோதனை. ஆகவே ஒரு நொடிக்குள் இரண்டு கிடைத்துவிடும்.

குருட்டாம்போக்கு என்பதில்தான் இன்னொரு ஓட்டை. மேசையில் ஒரு விளையாட்டு வையுங்கள். ஒரு அட்டையில் 2929, இன்னொன்றில் 3131. தனித்தனியாக உடைக்கச் சொன்னால் முழிப்பார்கள். இரண்டுக்கும் யூக்ளிட் முறையில் மீ.பொ.வ எடுக்கச் சொல்லுங்கள்: 3131 − 2929 = 202. 2929ஐ 202ஆல் வகுத்தால் மீதி 101. 202ஐ 101ஆல் வகுத்தால் மீதி 0. மூன்றே வரியில் 101 வெளியே, இரண்டு சாவியும் போச்சு. 617 இலக்கமானாலும் இந்த முறை மைக்ரோ நொடிகளில் முடியும். 2012ல் ஆய்வாளர்கள் இணையம் முழுக்கச் சாவிகளைத் திரட்டி, எல்லாவற்றுக்கும் ஒன்றோடொன்று மீ.பொ.வ பார்த்தபோது டிஎல்எஸ் என்ற இணையப் பாதுகாப்பு முறையில் இயங்கும் சர்வர்களில் 0.5 சதவீதத்தின் தனிச்சாவி (பூட்டைத் திறக்கும் ரகசியச் சாவி) கிடைத்துவிட்டது. ரவுட்டர், ஃபயர்வால் போன்ற சின்னப் பெட்டிகள்தான் அதிகம். பெட்டியிலிருந்து எடுத்து முதன்முறை பூட் ஆகும்போதே சாவி தயாரிக்கும். அந்த நொடியில் தற்செயல் எண்ணுக்கு வேண்டிய சலசலப்பு உள்ளே சேர்ந்திருக்காது, இரண்டு பெட்டிகள் ஒரே பகா எண்ணை எடுத்துவிடும்.

கோத்தகிரி கணக்கு டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. 91 இன்றைக்கே வகுப்பில் ஓடியது. 3 பொய் சொன்ன இடத்தில் கைதட்டல். இரண்டு சந்தேகம் மட்டும். கண்காட்சியில் நேரடியாக ஓட்ட எந்த எண்களை வைக்கலாம்? பார்வையாளர் மூன்று நிமிடத்துக்கு மேல் நிற்க மாட்டார். இரண்டாவது, குவாண்டம் கணினி வந்தால் எல்லாம் போச்சா என்று பெற்றோர் கேட்பார்கள்.

பண்ணைக்காடு லினக்ஸ்:

60, 65, 70, 75, 80 என ஐந்து எண். ஒவ்வொன்றும் ஏறக்குறைய பாதி நீளமுள்ள இரண்டு பகா எண்களின் பெருக்கல், அந்தப் பகா எண்களை அடுத்தடுத்ததாக எடுக்காமல் தற்செயலாக எடுங்கள் (இனி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை). 80ஐ லேப்டாப்பில் மட்டும் ஓட்டுங்கள், ஐ3யில் இரண்டு மூன்று நிமிடத்தைத் தாண்டலாம். நேரத்தைச் சுவரில் ஒட்டிய வரைபடத்தாளில் பிள்ளைகளே குறிக்கட்டும். நேர அச்சில் ஒவ்வொரு கட்டமும் இரட்டிப்பு என்று வைத்தால் புள்ளிகள் ஏறக்குறைய நேர்கோட்டில் விழும். 60க்கு மட்டும் கோட்டைவிட்டு விலகும். நிரல் தொடங்கும் நேரமே அதில் பெரிய பங்கு, அளவீட்டுப் பிழை என்று அதற்கு ஒரு குறிப்பு எழுதி வையுங்கள். பக்கத்து மேசையில் அதே 80 இலக்கத்தைப் பெருக்கிக் காட்டும் கணினி ஒன்று, அது மின்னல்.

கொடை கணிதம்:

குவாண்டம் பற்றி: 1994ல் பீட்டர் ஷோர் தந்த முறை, பெரிய, பிழை திருத்தும் குவாண்டம் கணினி இருந்தால் காரணிகளை வேகமாகப் பிரிக்கும். 2048 பிட்டுக்கு எவ்வளவு பெரிய கணினி வேண்டும் என்ற மதிப்பீடு 2019ல் 2 கோடி க்யூபிட் (குவாண்டம் பிட்), எட்டு மணி நேரம். 2025ல் அந்த மதிப்பீட்டைச் செய்தவர்களில் ஒருவரான கூகுள் ஆய்வாளர் 10 லட்சத்துக்கும் கீழே, ஒரு வாரத்துக்குள் என்று இறக்கிவிட்டார். அப்படி ஒரு கணினி இன்னும் கட்டப்படவில்லை, ஆனால் மாற்றுமுறைகள் தயார். அமெரிக்கத் தரநிலை நிறுவனம் 2024 ஆகஸ்டில் காரணிப்படுத்தலை நம்பாத புதிய தரநிலைகளை வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் வந்த வரைவில் 2048 பிட் ஆர்எஸ்ஏவை 2030க்குப் பின் ஒதுக்கவும், 2035க்குப் பின் தடை செய்யவும் கால அட்டவணை போட்டிருக்கிறார்கள். பெற்றோரிடம் 2030 என்பதை அடுத்த குறிஞ்சி பூக்கும் வருஷம் என்று சொல்லுங்கள், இங்கே யாரும் மறக்க மாட்டார்கள்.

குவாண்டம் இல்லாமலே இது கடினம்தானா என்று யாராவது விவரமானவர் கேட்டால், நேர்மையான விடை: கடினம் என்று இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை. வேகமான முறை எவருக்கும் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். பாப்பா கேட்டால் இதையும் மறைக்காதீர்கள்.

குன்னூர் இறக்கம்:

ஒரு சின்ன விஷயம் விட்டுப்போனது. யாஃபூ முடித்த எண்ணை மறுபடி அதே எண்ணாகக் கொடுக்கும்போது பழைய சேமிப்புக் கோப்பு அங்கேயே இருந்தால், சல்லடையை விட்டுவிட்டு நேராக அணிக்குத் தாவிவிடும். மேசையில் இரண்டாவது பார்வையாளருக்கு 80 இலக்கம் சில நொடியில் முடிந்து, உங்கள் வரைபடமே கோணிவிடும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் அந்தக் கோப்பை அழித்துவிடுங்கள்.